புகையானும் பயிரின் காவலும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள தரிசு நிலங்களிலும், நன்மங்கலம், வண்டலூர்க் காடுகளின் விளிம்பிலும் தரையோடு படர்ந்து வளரும் ஒரு சிறு கொடி உண்டு. அதன் பெயர் ஆடுதீண்டாப்பாளை. முள்ளையும் மெல்லும் ஆடு இக்கொடியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவதைக் கண்டறிந்தே நம் முன்னோர் இப்பெயரைச் சூட்டினர். இலையிலுள்ள கசப்பு நஞ்சே அதற்குக் காரணம். ஆயினும் மழைக்காலத்திற்குப் பின்னர் அதே கொடியை நெருங்கிப் பார்ப்போமாயின், கருஞ்சிவப்பு நிறமும் மேலெங்கும் சதைக் கொம்புகளும் கொண்ட புழுக்கள் அந்த இலையைச் சிறிதும் அச்சமின்றித் தின்றுகொண்டிருக்கக் காணலாம். அவை வாலில் சிவப்புப் புள்ளிகளுடைய ஒரு கரிய வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். அவை நஞ்சைத் தாங்குவதோடு நில்லாமல், அதனைத் தம் உடலிலேயே சேமித்தும் வைக்கின்றன. அவற்றை ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அருகில் வருவதில்லை.

ஆடு அஞ்சும் இலை புழுவுக்கு எவ்வாறு உணவாயிற்று? இக்கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. நமது ஏரிப் பாசன ஊர்களில் நெல்லைத் தாக்கும் புகையானைப் பற்றியும், நாம் வழங்கும் விதை இரகங்களைப் பற்றியும், விவசாயியின் கடன் சுமையைப் பற்றியும் பேசுவோர் அனைவரும் இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். யான் வேளாண்மைத் துறையைச் சார்ந்தவன் அல்லன். கல்லூரியில் விலங்கியல் பயின்று, பின்னர் ஊராட்சி ஒன்றியப் பணிக்கு வந்தவன். எனினும் இப்பொருளை அறியாததனால் நேர்ந்த ஒரு நட்டத்தை நேரில் கண்டவன் என்ற முறையில் எழுதத் துணிகிறேன்.

செடியால் ஓட முடியாது. கையை ஓங்க முடியாது. ஆதலால் அது இரசாயனத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது. வேம்பின் கசப்பு, கடுகின் காரம், எருக்கின் பால், புகையிலையின் நிகோடின் யாவும் பூச்சிகளை விரட்டச் செடிகள் பல இலட்சம் ஆண்டுகளாக உருவாக்கிய காப்புப் பொருள்களேயாம். நமக்கு மருந்தாகவும் சுவையாகவும் அவை பயன்படுவது தற்செயலான இலாபம். கடுகிலையைக் கவனியுங்கள். முழு இலையில் காரம் இல்லை. காரத்தின் மூலப்பொருள் ஓர் அறையிலும், அதனைக் காரமாக மாற்றும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. புழு கடித்து அறைகள் உடைந்தால் இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. ஆனால் முட்டைக்கோசைப் பாழாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவோ, தன் குடலில் சுரக்கும் ஒரு நொதியைக் கொண்டு, இரண்டும் கலந்து காரமாகுமுன்னரே மூலப்பொருளைப் பயனற்றதாக்கி விடுகிறது. இதனை விஞ்ஞானிகள் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெடிமருந்தை நனைத்துவிட்டால் வெடி வெடிக்குமா?

எருக்கின் கதை இன்னும் நுட்பமானது. எருக்கும் அதன் இனச் செடிகளும் சுரக்கும் நஞ்சு, உயிரணுக்களின் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொணரும் ஒரு புரதத்தைத் தாக்குகிறது. நம் ஊர்க் கிணற்று ஏற்றம் போன்றது அப்புரதம். அது நின்றுபோனால் நரம்பும் இதயமும் நின்றுபோகும். எருக்கின் இனத்துச் செடிகளை உண்டு வாழும் அமெரிக்க மோனார்க் வண்ணத்துப்பூச்சியில் இந்த ஏற்றத்தின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது. அப்புரதச் சங்கிலியின் 122 ஆவது இடத்தில் இருக்கவேண்டிய ஓர் அமினோ அமிலத்திற்குப் பதிலாக வேறொன்று அமர்ந்திருப்பதால், நஞ்சு வந்து பற்றிக்கொள்ள இடமில்லாமற் போகிறது. இவ்வகை மாற்றம் மோனார்க்கில் மட்டுமன்றி, எவ்வித உறவுமற்ற சில வண்டுகளிலும் நாவாய்ப் பூச்சிகளிலும் தனித்தனியே தோன்றியுள்ளது. 2019 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் சாதாரணப் பழ ஈயின் மரபணுவில் 111, 119, 122 ஆகிய மூன்று இடங்களை மோனார்க்கில் உள்ளவாறு திருத்தியபோது, அந்த ஈயும் நஞ்சைத் தாங்கி வாழ்ந்தது. மரபணுவில் ஏற்படும் சிறு எழுத்துப் பிழை போன்ற மாற்றம் ஓர் உயிரினத்தின் உணவையே மாற்றிவிடக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கு ஒரு தவறான கருத்தை நீக்குதல் நன்று. "பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது" என்று நாம் அனைவரும் சொல்கிறோம். கள்ளுக்குப் பழகிய மனிதனைப் போலத் தனியொரு பூச்சி நஞ்சுக்குப் பழகுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நஞ்சைத் தாங்காத பூச்சி மடிகிறது. தாங்கும் அமைப்பைப் பிறவியிலேயே பெற்ற ஒன்றிரண்டு பூச்சிகள் பிழைக்கின்றன. அவற்றின் சந்ததியே மறு பருவத்தில் வயலை நிரப்புகிறது. பழகியது பூச்சியன்று, மாறியது பூச்சிக் கூட்டம். இவ்வேறுபாட்டை உணராதவரை, மருந்தின் அளவைக் கூட்டுவதே வழி என்று நாம் தவறாக எண்ணிக்கொண்டிருப்போம்.

இனி நெல்லுக்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களிலும் ஏரி நீரையும் கிணற்று நீரையும் கொண்டு நெல் விளைவிக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. தாம்பரம் 2021 இல் மாநகராட்சியாகிவிட்டது. சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து வயல்களிற் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் வயல்கள் குறைவு. ஆகவே அவற்றில் ஒரு போகம் பொய்த்தாலும் அந்நிலமும் விலைக்குப் போய்விடும் என்பதே என் போன்றோரின் கவலை.

புகையான் என்பது கட்டெறும்பைவிடச் சிறிய, பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நெற்பயிரின் அடித்தூரில், நீர்மட்டத்திற்கு மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை. ஒரு நாள் காலையில் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் புகைந்தாற்போல் தீய்ந்து நிற்கும். பெயர்க்காரணம் அப்போது விளங்கும். அதன் வாழ்நாள் சுற்று ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு போகத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் தோன்றிவிடும்.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. சில இரகங்களின் சாற்றில் பூச்சி விரும்பும் சத்து குறைவு. முட்கோ என்ற இந்திய நாட்டு நெல்லின் சாற்றில் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் குறைந்திருப்பதை 1970 ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. வேறு சில இரகங்கள் சாறு ஓடும் நுண்குழாய்களை உடனுக்குடன் அடைத்துக்கொள்கின்றன. பூச்சி ஊசியைச் செருகியும் உணவின்றி வாடுகிறது. சீன நாட்டின் வூஹான் பல்கலைக்கழகத்தார் 2009 ஆம் ஆண்டில் இத்தகைய காவல் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அந்த மரபணுவின் புரதம் பூச்சியின் உமிழ்நீரிலுள்ள ஒரு புரதத்தை அடையாளம் கண்டே காவலைத் தூண்டுகிறது என்று 2023 இல் தெரியவந்தது. திருடனின் காலடி ஓசை கேட்டு விழித்தெழும் நாயைப் போன்றது இது. ஓசையின்றி நடக்கும் திருடன் பிறந்துவிட்டால் நாய் உறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அவ்வாறு நேர்ந்த வரலாறு ஆசிய உழவர் அனைவரும் அறியத்தக்கது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், உலகெங்குமிருந்து திரட்டிய நெல் வகைகளைப் புகையானுக்கு இரையாக இட்டுச் சோதித்தது. முட்கோவில் ஒரு காவல் மரபணுவும், அம்பாசமுத்திரம் 7 என்னும் நமது தமிழ்நாட்டு நெல்லில் மற்றொன்றும் இருப்பது கண்டறியப்பட்டு 1971 ஆம் ஆண்டில் வெளியாயின. முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 என்னும் இரகம் 1973 இல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியத்நாம் நாட்டு விவசாயிகள் அதனைப் போற்றிப் பயிரிட்டனர். இரண்டு மூன்று ஆண்டுகளே சென்றன. அதே ஐ.ஆர். 26 வயல்கள் புகையத் தொடங்கின. அதனை உண்ணவல்ல புதிய உயிர்வகை பெருகிவிட்டிருந்தது. உடனே 1976 இல் இரண்டாவது மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 36 களமிறங்கியது. இந்த இரகத்தின் வமிசத்தில் நமது திரூர்க்குப்பம் நிலையத்தின் டி.கே.எம். 6, கேரளத்துப் பட்டாம்பி நெல் வகைகள் முதலியவும் கலந்துள்ளன. அதுவும் சில ஆண்டுகளில் சில பகுதிகளில் தளர்ந்தது. பின்னர் மூன்றாவது மரபணுவைத் தேடி, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற நாட்டு நெல்லை நாட வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு ஒரு வேதனையான செய்தி அடங்கியுள்ளது. தென்கிழக்கு ஆசியாவில் சில ஆண்டுகளாவது பயன் தந்த முதலிரு மரபணுக்களும் தெற்காசியப் புகையானிடம் பொதுவாக எடுபடுவதில்லை. அம்பாசமுத்திரத்து நெல் அயல்நாட்டு வயல்களைக் காத்தது. சொந்த நாட்டில் அதே காவலைப் பெரிதும் நம்புவதற்கில்லை. ஓர் இடத்துப் பூச்சியும் மற்றோர் இடத்துப் பூச்சியும் பார்வைக்கு ஒன்றே எனினும் மரபில் வேறாக இருக்கின்றன என்பதே காரணம். ஆனைக்கொம்பன் ஈயிலும் இவ்வாறே. நம் நாட்டில் அதன் உயிர்வகைகள் ஏழு கண்டறியப்பட்டுள்ளன. ஓர் ஊரில் அதனைத் தாங்கி நின்ற இரகம் மற்றோர் ஊரில் வெங்காயத்தாள் போன்ற குழல்களாக மாறி நிற்பது இதனால்தான்.

மாற்றம் இவ்வளவு விரைவில் நிகழ்வது எங்ஙனம் என்று ஐயுறுவோர்க்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். இது கற்பனைக் கணக்கே. முறை விளங்கினாற் போதும். ஓர் ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் பத்து இலட்சம் பூச்சிகள் இருப்பதாகவும், அவற்றுள் பதினாயிரத்திற்கு ஒன்று, அதாவது 100 பூச்சிகள், புதிய இரகத்தை உண்ணவல்லன என்றும் வைத்துக்கொள்வோம். மற்றவை பட்டினியால் அழிகின்றன. இந்த நூற்றில் ஐம்பது இணைகள். ஒவ்வோர் இணையும் பத்துக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கினால் அடுத்த தலைமுறையில் 500. அதன்பின் 2,500; பிறகு 12,500; நான்காம் தலைமுறையில் 62,500. ஒரு போகம் முடிந்தது. விவசாயி மகிழ்ச்சியுடன் அறுவடை செய்கிறார். அதே விதையை மறு போகத்திற்கும் எடுத்து வைக்கிறார். ஐந்தாம் தலைமுறை 3,12,500. ஆறாம் தலைமுறை 15,62,500. தொடங்கிய தொகையையும் மிஞ்சிவிட்டது. இம்முறை எல்லாமே புதிய இரகத்தை உண்பவை!

இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஆயக்கட்டு முழுவதும் ஒரே இரகமாக இருத்தல் வேண்டும். பக்கத்து வயலில் வேறு இரகம் இருந்தால் அங்கே பழைய வகைப் பூச்சிகள் உயிர்வாழும். அவை புதிய வகையோடு கூடிக் கலக்கும்போது எதிர்ப்பு மரபு நீர்த்துப்போகும். பருத்தியில் பி.டி. இரகங்களைச் சுற்றிலும் பி.டி. அல்லாத செடிகளைச் சில வரிசைகள் நடச் சொன்னது இதற்காகத்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் அவ்விதையைப் பையோடு வீசி எறிந்தனர். 2002 இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் நஞ்சை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்ட செய்தி 2010 ஆம் ஆண்டில் குசராத்திலிருந்து வந்தது.

மேற்சொன்ன நட்டத்திற்கு இப்போது வருகிறேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் விரிவாக்க அலுவலராகப் பணியாற்றினேன். புகையானைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட ஓர் இரகத்தை ஓர் ஏரியின் கீழுள்ள விவசாயிகள் அனைவரும் பயிரிட வேண்டுமென்று வீடு வீடாகச் சென்று வலியுறுத்தினேன். ஒரு முதியவர் மட்டும், "ஐயா, என் பாட்டன் காலத்திலிருந்து கடைமடையில் வேறே நெல்லுதான் போடறோம். ஊரே ஒண்ணா போட்டா பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிடாதா?" என்றார். "பெரியவரே, காலம் மாறிவிட்டது, உங்கள் ஒரு வயலால் திட்டத்தின் இலக்குக் குறைகிறது" என்று கூறி அவரையும் இணங்கச் செய்தேன். நூறு விழுக்காடு இலக்கை எட்டியதற்காகப் பாராட்டும் பெற்றேன். மூன்றாம் ஆண்டுச் சம்பாவில் அந்த ஆயக்கட்டு புகைந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் யூரியாவும் அளவுக்கு மீறி இடப்பட்டது. கடைக்காரர் சொன்ன மருந்துகளெல்லாம் தெளிக்கப்பட்டுச் சிலந்திகள் அழிந்தன. ஆகவே குற்றம் முழுவதும் இரகத்தினுடையது என்று கூற மாட்டேன். ஆயினும் அம்முதியவரின் கேள்விக்கு அன்று யான் விடையளிக்கவில்லை என்பது உண்மை. அடுத்த ஆண்டு அவரது வயலில் சவுக்கு நின்றது.

தெளிப்பு மருந்துகளைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். புகையானை உண்ணும் சிலந்தியும் நாவாய்ப் பூச்சியும் மருந்தால் முதலில் மடிகின்றன. தண்டுக்குள் முட்டையாக இருக்கும் புகையான் பிழைத்துக்கொள்கிறது. செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் புகையானைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவதால் அவற்றை நெல்லில் தவிர்க்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. இந்தோனேசிய அரசு 1986 ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு இடலாகாதென ஒரே ஆணையில் தடுத்ததும் இக்காரணத்தினாலேயே. தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டிய பின்னரே மருந்தைப் பற்றி எண்ணலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் தூருக்கு இரண்டு பூச்சி வரையிலும் பொறுக்கலாம். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுதல், நீரைத் தேக்கி வைக்காமல் வடித்துக் காயவிடுதல், தழைச்சத்தைப் பிரித்து இடுதல் ஆகியவற்றுக்குச் செலவும் இல்லை; இவற்றை எதிர்த்து வெல்லும் மரபணு பூச்சிக்கு எளிதில் வாய்ப்பதும் இல்லை.

வேம்பைப் பற்றி வாசகர் கேட்கக்கூடும். வேப்பங்கொட்டையில் ஒன்றல்ல, பல காப்புப் பொருள்கள் கலந்துள்ளன. 1995 இல் வெளியான ஓர் ஆய்வில், அசுவினிப் பூச்சிகளை நாற்பது தலைமுறைகள் வேம்பின் முதன்மைப் பொருளான அசாடிராக்டினைத் தனியே கொடுத்து வளர்த்தபோது, அவை ஒன்பது மடங்கு எதிர்ப்புப் பெற்றன. வேப்பங்கொட்டைச் சாற்றை முழுமையாகக் கொடுத்து வளர்த்த கூட்டமோ அவ்வாறு எதிர்ப்புப் பெறவில்லை. ஒரு பூட்டுக்குச் சாவி செய்வது எளிது. பத்துப் பூட்டுக்கு ஒரே நேரத்தில் செய்வது அரிது. நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கும் பழைய முறையை, கடையில் வாங்கும் தெளிந்த திரவத்தைக் காட்டிலும் தாழ்ந்ததாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் வேம்பையும் விடாத பூச்சி உண்டு. தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப் பூச்சி அதன் தளிர்களையே உறிஞ்சிக் காய்ந்துபோகச் செய்கிறது.

இத்துறை ஆராய்ச்சி நம் ஊருக்குப் புதியதன்று. சென்னை இலயோலாக் கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன் அவர்கள், பூச்சிக்கும் செடிக்கும் இடையிலான இரசாயன உறவை ஆராய்வதில் நெடுங்காலம் ஈடுபட்டவர். கட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே சென்று கேட்பதற்கு நம் விவசாயிகள் தயங்குகின்றனர் என்பதைவிட, அழைத்துச் செல்ல நாம் சோம்புகிறோம் என்பதே சரி.

அண்மையில் எங்கள் வட்டாரத்து ஏரி ஒன்றின் பாசனதாரர் கூட்டத்தில் இவற்றையெல்லாம் விளக்கினேன். தலைமடைக்கு ஓர் இரகம், நடுமடைக்கு வேறு, கடைமடைக்கு மற்றொன்று என ஆயக்கட்டைப் பிரித்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். பெரும்பாலோர் ஒப்பினர். அப்போது ஓர் அம்மையார் எழுந்து, "எல்லாம் சரிங்க. அரைவை மில்லுக்காரர் ஒரே நெல்லா இருந்தாதான் விலை குடுக்கறார். மூணு நெல்லைக் கொண்டுபோனா மூட்டைக்கு இவ்வளவுன்னு பிடிக்கறாரே, அதுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டார். விலங்கியல் நூல்களில் இதற்கு விடை இல்லை. ஒவ்வொரு மடையின் நெல்லையும் தனித்தனியே சேர்த்து, ஒரே இரகத்தின் முழு வண்டியாக அனுப்ப உழவர் குழுவின் மூலம் ஏற்பாடு செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதல் மடையில் நாற்று விட்டாயிற்று. மற்ற இரு மடைகளும் இன்னும் முடிவு சொல்லவில்லை.